சஞ்சீவி மூலிகையா? இரண்டு கைகளா?

திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலுள்ள சிறுமலை, அனுமார் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டு என்று ஒரு புராணப் புளுகு உண்டு. அப்படியானால் அம்மலைக் குடிகளில் சாகாமலிருப்பவன் ஒருவனையாவது காட்ட முடியுமா என்று கேட்கின்றோம்.

உயிரை மீட்க முயலும் வித்தை ஒன்று மெய்யாகவே இருக்கின்றது. அதை எந்த அனுமாரும் கொண்டுவரவில்லை. 1960ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் மூவர் அதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். இருதயம் நின்று, மூச்சுப் பேச்சற்று விழுந்தவனின் நெஞ்சு நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அமுக்க வேண்டியது. இதற்கு மந்திரமுமில்லை, தட்சிணையுமில்லை.

அமுக்கினால் எல்லோரும் பிழைப்பார்கள் என்று நாம் புராணிகரைப்போல் புளுக வரவில்லை. ஆனால் சும்மா விடும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 100க்கு 7 முதல் 10 வரை குறைகின்றது. 2008 முதல் ஓடும் நமது 108 வண்டி, 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருகிற வரையில் எமன் காத்திருப்பானா?

"படியாதவனுக்கு இது எப்படித் தெரியும்?" என்பார்கள். கோபன்ஹேகனிலும் சியோலிலும், உதவிக்குக் கூப்பிட்டவனுடைய செல்போன் காமிராவின் மூலமே அவசர நிலையத்தார் பார்த்து, "கையை நடுவில் வை, இன்னும் வேகமாக அமுக்கு" என்று திருத்துகின்றார்கள். அதனால் அமுக்குவது சீர்பட்டதாகவும் ஆராய்ந்து கண்டிருக்கின்றார்கள்.

சரி, கண் வெகுதூரத்திலிருந்து வந்துவிடும். கை எங்கிருந்து வரும்? பக்கத்தில் நிற்பவனுடைய கைதானே வேண்டும்? அந்தக் கையை "இவன் என்ன ஜாதியோ" என்று ஒரு பக்கம் ஜாதி பிடித்து இழுக்கின்றது. விழுந்தவள் பெண்ணானால் "அன்னிய ஸ்திரீயை நெஞ்சில் தொடலாமா" என்று மானம் தடுக்கின்றது. இரண்டுக்கும் தப்பினால் "அவன் விதி முடிந்தது" என்று வைதீகம் முடித்துவிடுகின்றது. எந்தக் காமிரா வந்து இந்த விலங்குகளைக் கழற்றும்?

ஆகவே தோழர்களே, 108ல் இவ்வேற்பாடு வேண்டும், மலைப்பாதை முழுவதும் செல்போன் எட்ட வேண்டும், பள்ளிக்கூடந்தோறும் இப்பயிற்சி வேண்டும் என்று சர்க்காரைக் கேளுங்கள். அதற்கும் முன்னால் தீட்டையும் விதியையும் உங்கள் கைகளிலிருந்து கழுவுங்கள். தொடக் கூசும் கையினால் ஒருவனும் பிழைக்க மாட்டான்.