சிங்கி காலில் கிடப்பது சிமிலியா, மெட்டஃபரா?

பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சையில் ஒரு கவிதை வரியைக் கொடுத்து, 'இதில் உள்ள ஃபிகர் ஆஃப் ஸ்பீச் என்ன?' என்று கேட்பார்கள். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். கைடில் விடை இருக்கிறது. இந்த வரி சிமிலி, அந்த வரி மெட்டஃபர் என்று மனப்பாடம் செய்தால் மார்க் வந்துவிடும். ஆனால், பாடப்புத்தகத்தில் இல்லாத கவிதை ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை முழிக்கும். பெயர் தெரியும், ஆளைத் தெரியாது!

தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் இப்படி முழிப்பதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம். குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். 18-ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் இதற்கெல்லாம் உதாரணம் கொட்டிக் கிடக்கிறது.

தேனருவியின் அலை வானம் வரை எழும்பி, சூரியனின் தேரும் குதிரையும் அதில் வழுக்குகின்றன என்கிறார். இதுதான் ஹைபர்பலி, நம் உயர்வு நவிற்சி. (எழுத்துக்கூட்டி 'ஹைபர்போல்' என்று படிக்காத மாணவர் உண்டா என்ன?)

இன்னொரு இடம். காணாமல் போன சிங்கியைத் தேடி அலைந்த சிங்கன் அவளைக் கண்டுபிடிக்கிறான். அவள் காலைப் பார்த்ததும் பதறிப்போய், பெரிய விரியன் பாம்பு கடித்துக் கிடக்கிறதே என்கிறான். அது சேலம் நாட்டில் குறி சொல்லிச் சம்பாதித்த சிலம்பு என்று அவள் சொல்கிறாள். 'போல' என்ற சொல்லே இல்லை. அப்படியானால் சிமிலி கிடையாது. மெட்டஃபர் என்று சொல்லிவிடலாமா? சிலம்பு என்று தெரிந்துகொண்டே பாம்பு என்றால்தான் அது மெட்டஃபர். சிங்கன் உண்மையிலேயே ஏமாந்து போகிறான். அதற்குத் தமிழில் மயக்க அணி என்று தனிப் பெயரே இருக்கிறது. வகுப்பில் இந்த ஒரு காட்சியை வைத்து அரை மணி நேரம் சண்டை போட்டால், சிமிலிக்கும் மெட்டஃபருக்கும் உள்ள வித்தியாசம் ஆயுசுக்கும் மறக்காது.

அதற்காக எல்லா இங்கிலீஷ் வார்த்தைக்கும் தமிழில் ஒரு ஜோடி பிடித்துவிடவும் முடியாது. அலிட்டரேஷனை மோனை என்று சொல்லலாம். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' போதும், புரிந்துவிடும். ரைம் என்றதும் எதுகை என்று எழுதுகிறார்களே, அங்கேதான் சிக்கல். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதில் ஆடி, தேடி என்று இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை. இங்கிலீஷ் கவிதையில் ரைம் பெரும்பாலும் வரியின் கடைசியில் வரும். 'ரைம் ஸ்கீம்' என்று கேட்டு, ஏ, ஏ, பி, பி என்று எழுதச் சொல்வதும் வரிக் கடைசியைப் பார்த்துத்தான். அதற்கு நெருக்கமானது இயைபு. சினிமாப் பாட்டுகளில் தினமும் காதில் விழுவதும் இதுதான். எதுகை என்று நினைத்துக்கொண்டு வரியின் தொடக்கத்தைத் தேடும் பிள்ளைக்கு மார்க் போகும்.

ஜானர் விஷயமும் அப்படித்தான். பேலட் என்றால் கதைப்பாட்டு, எலிஜி என்றால் இரங்கற்பா. சரி, குறவஞ்சி எந்தப் பெட்டியில் அடங்கும்? குற்றாலநாதர் மீது வசந்தவல்லி காதல் கொள்கிறாள், குறத்தி வந்து மலைவளம் பாடிக் கைபார்த்துக் குறி சொல்கிறாள், கடைசியில் சிங்கனும் சிங்கியும் கலகலவென்று பேசிச் சேர்கிறார்கள். பாட்டு, ஆட்டம், நாடகம், காமெடி எல்லாம் ஒன்றாக இருக்கிறது. 'டிராமாவா, லிரிக்கா?' என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் எழுத முடியாது. எனக்குப் பிடித்த கேள்வியே இதுதான்.

சாரல் சீசனில் பிள்ளைகளோடு குற்றாலம் போனால், அருவிக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒரு விளையாட்டு. தண்ணீர் 'சோ'வென்று விழுகிறது, ஓடை 'சலசல'வென்று ஓடுகிறது, நனைந்த பாறை 'பளபள'வென்று மின்னுகிறது. இதில் எது ஆனமடபீயா, எது இல்லை என்று கேளுங்கள். 'பளபள'வில் சத்தம் எங்கே இருக்கிறது?