ஆறு அங்குலச் சட்டை

நத்தார் குடிலில் வைக்கிற இடையர் பொம்மைக்கு நாங்கள் உடுப்புத் தைக்கிறம் எண்டால், சின்னப்பிள்ளை விளையாட்டு எண்டு சிரிக்கினம். ஒருக்கால் தைத்துப் பாருங்கோ. ஆறு அங்குலப் பொம்மைக்குப் புதுத்துணி சரிவராது, விறைச்சுக்கொண்டு நிற்கும். தோய்ச்சுத் தோய்ச்சு நைந்த வேட்டித்துண்டுதான் உடம்போடை படியும். தையலுக்குக் கால் அங்குலம் விட்டாலே கையைப் புரட்டுறது பெரும்பாடு. கழுத்து மெஷினுக்கு அடங்காது, கைத்தையல்தான்.

பிராக் நகரத்துக் குழந்தை யேசு சுரூபம் அரை மீற்றர் உயரமும் இல்லை. திருவழிபாட்டுக் காலத்துக்கு ஏற்ற நிறத்தில் அதுக்கு உடுப்பு மாற்றுகிறார்கள். பழைய உடுப்புகளைக் கோவிலிலேயே காட்சிக்கும் வைத்திருக்கிறார்கள். எங்கடை அன்ரிமார் தைத்ததோ தை மாதம் பழைய பெட்டிக்குள் போகிறது.

குடில் போட்டியில் கூரை மேய்ந்த பெடியங்களின்ரை பெயரை மைக்கில் வாசிக்கினம். வாசிக்கட்டும், நல்லாத்தான் மேயிறாங்கள். இந்த வருசம் சட்டை தைத்தவையின்ரை பெயரையும் அதே மைக்கில் வாசிக்க வேணும்.