புதிய தொகுப்பானும் பழைய முறைமையும்

பழைய லினக்ஸ் முறைமையொன்றிலே புதிய தொகுப்பானை நிறுவ முனைவோரை நோக்கி, முறைமையையே மாற்றிவிடுமாறு அறிவுரை கூறுவது கணினித் துறையினரிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வறிவுரை முற்போக்கானதாகத் தோற்றமளிப்பினும், கருவியையும் அடித்தளத்தையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கத்தின் பாற்பட்டதேயாகும்.

2014 இல் வெளிவந்த சென்ட் ஓ.எஸ். 7 இதற்குத் தக்க உதாரணம். அதனுடன் வழங்கப்பட்ட தொகுப்பான் ஜி.சி.சி. 4.8. சி பிளஸ் பிளஸ் மொழியின் 2011 ஆம் ஆண்டு நியமத்தை அது பெரும்பாலும் அறியும். 2017 ஆம் ஆண்டு நியமத்தை அறியாது. பத்தாண்டுக் காலம் அடித்தளம் மாறாதிருக்கும் என்பதற்காகவே ஆய்வுகூடங்கள் அம்முறைமையைத் தெரிந்தெடுத்தன. தராசு மாறாதிருக்கவேண்டும் என்பவரிடம், நிறுக்கும் பொருளும் மாறலாகாது என்று எவரேனும் வாதிடுவதுண்டோ?

நடைமுறையும் இவ்வறிவுரைக்கு மாறாகவே உள்ளது. ஜெனீவாவை அடுத்துள்ள சேர்ண் ஆய்வு நிலையம் சென்ட் ஓ.எஸ். 7 ஐப் பயன்படுத்திய காலத்தில், ஜி.சி.சி.யின் பிந்திய பதிப்புக்களை முறைமைக்குப் புறம்பான பகிர்வுக் கோப்புத்தொகுதியொன்றின் மூலம் வழங்கியது. ரெட் ஹற் நிறுவனமும் புதிய தொகுப்பான்களைத் தனிக் கோப்புறையில் அமரும் பொதிகளாக வெளியிட்டது. அவற்றின் செயன்முறை நுட்பமானது. பழைய நூலகத்தில் உள்ளவை அங்கிருந்தே பெறப்படும். இல்லாதவை மட்டும் ஆக்கப்படும் செய்நிரலுக்குள்ளேயே பதிக்கப்படும். ஆகவே அச்செய்நிரல், புதிய தொகுப்பானைக் கண்டிராத பழைய கணினியிலும் இயங்கும்.

மறுசாராரின் தவறு இதனினும் பாரதூரமானது. மூலநிரலிலிருந்து தொகுப்பானை ஆக்கிக்கொண்ட ஒருவர், தமது செய்நிரலை இயக்கும்போது, வேண்டிய நூலகப் பதிப்பு இல்லை என்ற செய்தியைக் காண்கிறார். செய்நிரல் பழைய நூலகத்தையே தேடிச் சென்றது என்பதே அதன் பொருள். புதிய நூலகத்தின் பாதையைச் செய்நிரலிற் பொறித்துவிட்டால் காரியம் முடிந்தது. அவரோ முறைமை பழுதுற்றதென முடிவுகட்டி, ஈற்றில் அனைத்திற்கும் ஆதாரமான ஜிலிப்சி நூலகத்தின்மீதே கைவைக்கிறார். அதன்பின் கோப்புக்களைப் பட்டியலிடும் எளிய கட்டளைகூட இயங்க மறுக்கலாம். முறைமையின் தொகுப்பான் முறைமைக்குரியது. அதனைத் தொடாது அருகே இன்னொன்றை வைப்பதே முறை.

இதில் உழைப்பு இல்லாமலில்லை. ஜி.சி.சி. 15 ஐ ஆக்குவதற்கு 2014 ஆம் ஆண்டு நியமத்தை அறிந்த தொகுப்பான் வேண்டும், 4.8 அதற்குப் போதாது. முதலில் 10 போன்ற இடைப்பட்ட பதிப்பொன்றை ஆக்கி, அதனைக்கொண்டே 15 ஐ ஆக்கவேண்டும். சிறிய கணினியில் இது மணிக்கணக்கான வேலை. ஆயினும் இயங்கிக்கொண்டிருக்கும் ஆய்வுகூடமொன்றைக் கலைத்து மீண்டும் அமைப்பதற்கு ஆகும் காலத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

சென்ட் ஓ.எஸ். 7 இற்கான பராமரிப்பு 2024 யூன் 30 உடன் நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் கிட்டாத அம்முறைமையை வெளி வலையமைப்பில் தொடர்ந்து இணைத்து வைத்திருத்தல் நியாயப்படுத்த முடியாதது. அத்தகைய கணினிகளில் முறைமையை மாற்றியே ஆகவேண்டும். அந்த மாற்றத்துக்குக் காரணம் பாதுகாப்பேயன்றித் தொகுப்பானின் வயது அன்று.