எக்கோ திகதியைத் தவற விடாதீர்கள்

கடந்த மாதம் தோட்டமொன்றில் மாதர் கூட்டம் முடிந்து கலையும் நேரத்தில், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் தமது கிளினிக் கொப்பியை நம்மிடம் நீட்டினார். உள்ளே ஒரு துண்டு இருந்தது. இருதயத்துக்கு எக்கோ எடுக்க வைத்தியசாலையில் கொடுத்த திகதி. அந்தத் திகதி போய் நான்கு மாதமாகிவிட்டது. ஏன் போகவில்லை என்று கேட்டோம். "போனா அன்னைக்குப் பேரு இல்ல. அதோட நெஞ்சுக்குக் கரண்டு வைப்பாங்கன்னு சொன்னாங்க, பயமா இருந்துச்சு" என்றார். மலையேறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

ஒன்று பயம், மற்றது சம்பளம். முதலில் பயத்தைப் பேசுவோம்.

கர்ப்பிணித் தாயின் வயிற்றில் பிள்ளையைப் பார்க்க எடுக்கும் ஸ்கேன் நம் பெண்களுக்குத் தெரியும். எக்கோவும் அதே வகைதான். காதுக்குக் கேட்காத ஒலி அலையை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு இருதயம் அடிப்பதைத் திரையில் பார்க்கிறார்கள். ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை, வலி இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பாதகமில்லை. நெஞ்சில் சில வயர்களை ஒட்டுவார்கள். கரண்ட் கதை அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த வயர்கள் இருதயத் துடிப்பைப் பதிவு செய்ய மட்டுமே, உடம்புக்குள் எதையும் செலுத்துவதில்லை. இடது பக்கம் சரிந்து படுக்கச் சொல்லி, குளிர்ந்த ஜெல் தடவி, சிறிய கருவியொன்றை நெஞ்சில் வைத்துக் கொஞ்சம் அழுத்தி நகர்த்துவார்கள். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இந்தச் சாதாரண எக்கோவுக்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. வழக்கமாகக் குடிக்கும் மருந்தையும் நிறுத்தக் கூடாது. தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் இன்னொரு வகை இருக்கிறது, அதற்குத்தான் சாப்பிடாமல் வரவேண்டும். அப்படியானால் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

வெளியே சொல்லாத ஒரு தயக்கமும் உண்டு. நெஞ்சைத் திறந்து படுக்க வேண்டுமே என்று எத்தனையோ பெண்கள் போகாமலே இருந்துவிடுகிறார்கள். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டுக்கொண்டு, ஒரு துவாயும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு பெண் தாதி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் பிழையில்லை.

நம் மக்களுக்கு இந்தப் பரிசோதனை ஏன் முக்கியம்? ஒரே லயன் காம்பராவில் ஏழெட்டுப் பேர் நெருங்கிப் படுக்கும் வீடுகளில், பிள்ளைக்குப் பிள்ளை தொண்டை நோவு தொற்றுகிறது. அவற்றில் ஒரு வகைக் கிருமியால் வரும் நோவுக்கு ஒழுங்காக மருந்து கொடுக்காவிட்டால், சில வாரங்களில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரலாம். ஒரு மூட்டில் குறைந்து இன்னொரு மூட்டில் பிடிக்கும். இந்த வாதக் காய்ச்சல் மூட்டை விட்டுப் போய்விடும், இருதய வால்வை விட்டுப் போகாது. பத்து வயதில் வந்ததை எல்லோரும் மறந்த பிறகு, இருபத்தைந்து வயதில் பிள்ளை உண்டாகும்போது மூச்சு முட்டும். "இரத்தம் குறைவு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். இலங்கையில் கர்ப்பிணித் தாய்மாரின் மரணத்துக்கான முக்கிய காரணங்களில் இருதய நோயும் ஒன்று. வால்வு சுருங்கியிருக்கிறதா, ஒழுகுகிறதா என்பதை எக்கோ காட்டிவிடும். சிறு வயதில் மூட்டு வீங்கியிருந்தால் மிட்வைப் அம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாதா மாதம் பென்சிலின் ஊசி போடும் பிள்ளைக்கு, சுகமாகத்தானே இருக்கிறான் என்று நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள்.

இனி ரிப்போர்ட். அதில் ஈ.எப். என்று போட்டு 60 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். இதைப் பார்த்து, இருதயத்தில் நாற்பது வீதம் போய்விட்டது என்று அழுத குடும்பங்கள் உண்டு. ஒவ்வொரு அடிக்கும் இருதயம் தன்னிடமுள்ள இரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்ற கணக்குத்தான் அது. நல்ல இருதயமும் முழுவதையும் தள்ளாது. 55 முதல் 70 வரை இருந்தால் பெரும்பாலும் சரியான அளவு. 40க்குக் கீழே வந்தால் இருதயம் பலவீனமாகியிருக்கிறது. அதற்கும் மருந்து உண்டு.

எக்கோ எல்லாவற்றையும் காட்டும் என்றும் நினைக்க வேண்டாம். இருதயத்துக்கு இரத்தம் கொண்டு போகும் குழாயில் அடைப்பு இருந்தும் எக்கோ சரியாக வரலாம். ஆகவே "எக்கோ நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி நெஞ்சு நோவைத் தாங்கிக்கொண்டிருக்கக் கூடாது. திகதி தூரத்தில் இருக்கும்போதே மூச்சுத் திணறல் கூடினால், கால் வீங்கினால், மயக்கம் வந்தால், திகதிக்குக் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அரசாங்க வைத்தியசாலையில் எக்கோவுக்குப் பணம் இல்லை, காத்திருப்பு உண்டு. பொறுக்க முடியாமல் தோட்டை அடகு வைத்துத் தனியாரிடம் ஓடுகிறவர்களைப் பார்க்கிறோம். அதற்கு முன் கிளினிக் வைத்தியரிடம், "இது அவசரமா, காத்திருக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவசரமென்றால் திகதியை முன்னால் எடுத்துத் தரவும் வழியிருக்கலாம். பழைய ரிப்போர்ட், ஈசிஜி, மருந்துத் துண்டு எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டு போங்கள். சிங்களமோ ஆங்கிலமோ புரியாவிட்டால் தலையாட்டிவிட்டு வராமல், தமிழில் சொல்லும்படி கேளுங்கள்.

சம்பளத்துக்கு வருவோம். மலையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு முழு நாள் போய்விடுகிறது. பஸ் காசும் போகிறது, பேரும் போகிறது. இந்த நிலையில் திகதியைத் தவறவிட்டவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கிளினிக் கொப்பியில் திகதி எழுதப்பட்டிருந்தால் அந்த நாளைச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாகத் தோட்ட நிர்வாகம் ஏற்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. நிர்வாகத்துடன் அடுத்து நடக்கும் பேச்சில் இதை வைப்போம். வெறும் கையோடு போய்ப் பேச முடியாது. சம்பளம் போகுமென்று எக்கோ, கிளினிக் திகதிகளைத் தவறவிட்டவர்களின் விபரத்தை, அவர்களுடைய சம்மதத்துடன், ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் இந்த மாத முடிவுக்குள் மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். கொப்பியை நீட்டிய அக்காவின் விபரம் முதலாவதாக வந்து சேர்ந்திருக்கிறது. அவருக்குப் புதிய திகதி எடுத்தாயிற்று, அன்று தோட்டத் தலைவி துணைக்குப் போகிறார்.