பாட்டும் பதிவும் பாடியவருக்கே!

முசரவாக்கத்தில் தறி நெய்யும் ஒரு வாலிபரோ, அந்த வட்டாரத்தில் நாற்று நடப் போகும் ஒரு பெண்ணோ தான் கட்டிய பாட்டைப் பதிவு செய்ய விரும்பினால், இன்று சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், இரண்டையும் இணைக்கும் சிறு பெட்டி ஒன்று, காதில் மாட்டும் ஹெட்போன். இவ்வளவு இருந்தால் வீட்டின் ஒரு மூலையே ஸ்டுடியோ. பதிவு செய்ததை வெட்டி ஒட்டுவதற்கு 'ஆடாசிட்டி' போன்ற மென்பொருள்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. சுவரில் கனத்த போர்வை தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். சித்திரை மாதத்தில் காஞ்சிபுரத்தில் மூடிய அறைக்குள் விசிறியில்லாமல் பாடுவது எப்படிப்பட்ட தவம் என்று பாடியவரைத்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மைக்கில் விழும் என்பதால், தறி நின்ற பிறகு இரவில்தான் வேலை.

உழைக்கும் ஜனங்களின் கைக்கு ஒரு புதிய உற்பத்திக் கருவி வந்திருக்கிறது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கருவி கைக்கு வந்ததும் கூலியும் கைக்கு வந்துவிடுமா?

இதில் சட்டம் சொல்வதை முதலில் கவனிக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதியவருக்கு ஓர் உரிமை, மெட்டமைத்தவருக்கு ஓர் உரிமை. ஆனால் ஒலிப்பதிவு என்னும் பண்டத்துக்கு உரிமையாளர் 'தயாரிப்பாளர்'. அதாவது, பதிவு நடப்பதற்கு முன்னின்று பொறுப்பேற்றவர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்த ஸ்தானத்தில் உட்கார்ந்திருந்தது கம்பெனிதான். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனி கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தது. தட்டுகள் ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் அச்சாயின. அங்கே இருந்தவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே! ஆகவே அந்த அம்மையார் பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லி முடித்தார். பின்னர் கம்பெனியின் மெழுகுத் தகடு தெற்கேயும் வந்தது. நம் காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் குரலும் தட்டில் ஏறியது. பெரும்பாலான பாடகர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தடவை கொடுத்த தொகை. தட்டு எத்தனை விற்றாலும் கணக்கு கம்பெனியின் பேரேட்டில்.

1977-இல் சுப்ரீம் கோர்ட்டில் வந்த ஒரு வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இந்த அநியாயத்தைச் சுட்டிக் காட்டினார். கேரளத்தில் 1957-இல் அமைந்த கம்யூனிஸ்டு மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர் இவர்தான். பாட்டின் ஜீவன் பாடுகிறவர் குரலில் இருக்கிறது, ஆனால் இந்தியச் சட்டம் பாடுகிறவருக்கு எந்தப் பதிப்புரிமையும் தரவில்லை என்று அவர் தனிக் குறிப்பாக எழுதினார். பாடுவோருக்கு ஓரளவு உரிமை தரும் திருத்தம் வர 1994 ஆயிற்று. பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தங்கள் சம பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்ற திருத்தம் வர 2012 ஆயிற்று.

வீட்டு ஸ்டுடியோவின் மகத்துவம் இப்போது விளங்கும். சொந்தச் செலவில், சொந்த வீட்டில் பதிவு செய்கிற பாடகரே சட்டப்படி தயாரிப்பாளர். எழுத்து, மெட்டு, பதிவு மூன்றும் அவருடையவை. கௌஹர் ஜானுக்கும் தனகோடி அம்மாளுக்கும் கிடைக்காதது முசரவாக்கத்து வாலிபருக்குக் கிடைத்திருக்கிறது. பதிவுத் துறையில் மனுப் போட்டு வாங்க வேண்டியதுகூட இல்லை. பாட்டு பிறக்கும்போதே உரிமையும் பிறந்துவிடுகிறது.

இந்த உரிமையைத்தான் பலர் மறுநாளே ஒரு கையெழுத்தில் கொடுத்துவிடுகிறார்கள்.

தறி வீட்டில் இருப்பதாலேயே நெசவாளி சுதந்திரமாகிவிடுவதில்லை என்று காஞ்சிபுரத்துக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். தறி அவருடையது, வீடு அவருடையது, மனைவி மக்களின் உழைப்பும் அதில் சேர்கிறது. ஆனால் பட்டும் ஜரிகையும் கொடுப்பவர் மாஸ்டர் வீவர். நெய்த சேலையை எடுத்துக்கொண்டு கூலியைக் கொடுப்பவரும் அவரே. கடையில் அந்தச் சேலைக்கு என்ன விலை ஒட்டப்படுகிறது என்று நெய்தவர் போய்ப் பார்ப்பதில்லை. தறி வீட்டில், சந்தை வெளியில். வீட்டு ஸ்டுடியோவின் கதையும் இதுதான். பாட்டு நம் வீட்டில் உருவாகிறது. அது விலை போகும் சந்தை யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்ற வெளிநாட்டு ராட்சதக் கம்பெனிகளின் கையில்.

அந்தச் சந்தையில் எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. தனிப் பாடகர் அதில் நேரே பாட்டைப் போட முடியாது. நடுவில் ஒரு விநியோகக் கம்பெனி வேண்டும், அதற்கு ஆண்டுச் சந்தாவோ வருமானத்தில் பங்கோ கொடுக்க வேண்டும். 2024 முதல் அங்கே ஒரு புதிய விதி: முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு ராயல்டி கிடையாது. 900 தடவை கேட்டால் 900-க்கும் பூஜ்யம்! யூடியூபில் விளம்பரப் பணத்தில் பங்கு வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்கள் சேர வேண்டும். ஓராண்டில் 4,000 மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது சிறு துணுக்குகளானால் 90 நாட்களில் 1 கோடி பார்வை வேண்டும். இந்த வாசலைத் தாண்டாதவர்களின் வீடியோவிலும் விளம்பரம் போட்டுக்கொள்ளலாம் என்று அந்தக் கம்பெனி 2020-இல் அமெரிக்காவிலும் 2021-இல் மற்ற நாடுகளிலும் தன் விதியைத் திருத்திக்கொண்டது. அந்தப் பணத்தில் பாடியவருக்குச் சல்லிக்காசு இல்லை.

கொடுக்கும் பங்கையும் எப்படிப் பிரிக்கிறார்கள்? திருவிழாவில் ஊரார் எல்லோரும் ஒரே உண்டியலில் காசு போடுவதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் கூத்து பார்த்துவிட்டுக் கூத்துக்காரருக்கென்று போடுகிறீர்கள். இரவு முடிந்ததும் உண்டியலை உடைத்து, மொத்தத்தில் எந்தக் கொட்டகையில் அதிகக் கூட்டமோ அந்த விகிதப்படி பங்கு போடுகிறார்கள். உங்கள் காசு பெரும்பாலும் சினிமாக் கொட்டகைக்குப் போய்ச் சேர்கிறது. ஸ்பாட்டிஃபையின் முறை இதுதான். இதற்கு வேறு வழியே இல்லை என்பார்கள். இருக்கிறது. 2021-இல் சவுண்ட்கிளவுட் என்ற கம்பெனி, கேட்பவரின் காசு அவர் கேட்ட பாடகருக்கே போகும்படி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆகவே முடியாதென்பதில்லை, மனமில்லை.

தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் முத்திரை மரக்காலில் கூலி அள என்று கேட்டுப் போராடினார்கள். பண்ணையாரின் கள்ள மரக்காலை அவர்கள் கண்ணால் பார்க்கவாவது முடிந்தது. இந்தக் கம்பெனிகளின் மரக்கால் எந்தத் தேசத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நமக்குப் பக்கத்து ஊரிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. அரக்கோணத்துப் பிள்ளை அறிவு எழுதி, தீயுடன் சேர்ந்து பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்தது. சினிமாவைச் சாராத தனிப்பாட்டு. நிலமற்ற கூலிகளாய் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் உழைத்து மீண்டவர்களின் கதை. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு அதன் வேர். பல கோடி முறை அது கேட்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லை, டைரக்டர் பா. ரஞ்சித் உள்ளிட்ட பலர் ஏன் என்று கேட்டார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், தங்கள் மூவருக்கும் அந்தப் பாட்டால் அதுவரை ஒரு பைசாவும் வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். அதை வெளியிட்ட மாஜா கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் உட்காரவில்லை. ஊரறிந்த கலைஞர்களே மூன்றாண்டு கழித்தும் கணக்குக் கேட்டுப் பொதுவில் பேச வேண்டியிருக்கிறதென்றால், முகவரி தெரியாத ஒரு கம்பெனியின் ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முசரவாக்கத்து வாலிபரின் கதி என்ன? நம் கேள்வி அவ்வளவே.

இன்னொரு கூட்டமும் கிளம்பியிருக்கிறது. 'இத்தனை ரூபாய் கொடு, இத்தனை ஆயிரம் பார்வை வாங்கித் தருகிறோம்' என்று ஆசை காட்டுகிறவர்கள். அவர்கள் விற்பது காது இல்லாத கேட்பு. கம்பெனிகள் கண்டுபிடித்தால் பாட்டையே எடுத்துவிடும். ஸ்பாட்டிஃபை 2024 முதல் இதற்கு விநியோகக் கம்பெனிக்கு அபராதமும் போடுகிறது. அபராதம் கடைசியில் யார் தலையில் விடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாட்டைப் பரப்ப நம் ஜனங்களுக்குத் தெரிந்த வழி வேறு. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்காரும் கூட்டம், சங்க மகாநாடு, கல்யாணப் பந்தல், டீக்கடை. அங்கே நேரில் பாடிக் கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் போனில் தேடுவார். நூறு பேர் அப்படித் தேடினால் அது விலைக்கு வாங்கிய பத்தாயிரத்துக்கு மேல்.

நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, ஒப்பாரி பாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இவை ஊர்ச் சொத்து. தனி ஒருவர் இயற்றியவை அல்ல. ஆனால் நீங்கள் பாடிய அந்தக் குரலும் அந்தப் பதிவும் உங்களுடையவை. 'பாட்டி, சும்மா பாடுங்க' என்று போனை நீட்டுகிறவரிடம், எங்கே போடப் போகிறாய், யார் பெயரில் போடப் போகிறாய் என்று கேளுங்கள். யூடியூபில் திருட்டைப் பிடிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அதை நேரடியாகப் பயன்படுத்தும் வசதி பெரிய உரிமையாளர்களுக்கே தரப்படுகிறது. ஊர்ப்பாட்டை ஒருவர் தன்னுடையதென்று அதில் ஏற்றிவிட்டால், அதைப் பரம்பரையாய்ப் பாடுகிறவருக்கே நோட்டீஸ் வரலாம்.

தனித்தனியே நின்றால் இதில் எதுவும் அசையாது. அமெரிக்காவில் ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில் இசைக் கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்டு முதல் தேதி ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டாண்டுக்கு மேல் நீடித்தது. யுத்த காலம், எத்தனையோ நிர்ப்பந்தம். 1944 நவம்பரில் கடைசிப் பெரிய கம்பெனிகளும் பணிந்தன. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் சங்கத்தின் நிதிக்கு ஒரு தொகை என்று ஒப்புக்கொண்டன. சென்னையில் சினிமா வாத்தியக் கலைஞர்கள் சங்கம் கண்டதில் முன்னின்றவர் 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்த தோழர் எம். பி. சீனிவாசன். 2021 மார்ச்சில் ஸ்பாட்டிஃபையின் ஆபீசுகளுக்கு முன்னால் பல நாடுகளில் கலைஞர்கள் கூடி, ஒரு கேட்புக்கு ஒரு சென்ட் கொடு என்று கோஷம் போட்டார்கள். அவ்வளவு தூரம் ஏன்? நம் காஞ்சிபுரம் வட்டாரத்தில் கட்டைக்கூத்துக் கலைஞர்கள் 1990-இலேயே தங்களுக்கென்று சங்கம் வைத்தார்கள்.

ஆகவே நாம் கோருவது இது. காஞ்சிபுரம் அரசு இசைப்பள்ளியில் ஒரு நல்ல ஒலிப்பதிவு அறையைச் சர்க்கார் அமைத்து, சொற்ப வாடகைக்கு உழைப்பாளிக் கலைஞர்களுக்குத் திறந்துவிட வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம், தமிழில் எழுதிய மாதிரி ஒப்பந்தப் பத்திரம் ஒன்றை அச்சிட்டு ஊர்தோறும் கொடுக்க வேண்டும். தகராறு வந்தால் வக்கீல் உதவியும் செய்ய வேண்டும். பட்டுக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கும் ஊரில் பாட்டுக்கு ஏன் இருக்கக் கூடாது? மாவட்டத்தின் தனிக் கலைஞர்கள் ஒன்றுகூடி ஒரே விநியோகக் கணக்கின் மூலம் வெளியிட்டால், வரவு செலவுக் கணக்கை உறுப்பினர் அனைவரும் பார்க்கலாம். கம்பெனியோடு பேரம் பேசவும் பத்து வாய்க்கு இருநூறு வாய் கிடைக்கும். பாட்டெழுதுவோரும் மெட்டமைப்போரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் சேர்வதும் அவசியம். 1969-இல் ஏற்பட்ட அந்தச் சங்கம் 2017-இல் மீண்டும் பதிவு பெற்று ராயல்டி வசூலித்து வருகிறது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று வருந்துகிறவர்கள் அந்தப் பழைய காகிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது, வாய்ச்சொல் போதாது. எத்தனை ஆண்டுக்கு என்று பத்திரத்தில் எழுதாமல் விட்டிருந்தால், சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி அது ஐந்து ஆண்டுக்கே செல்லும். எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே. வாங்கியவர் ஓராண்டுக்குள் பாட்டைப் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டிருந்து, பத்திரத்தில் வேறு விதமாக ஷரத்து இல்லையென்றால், உரிமை உங்களிடமே திரும்பிவிடும். தேதியைப் பாருங்கள், ஷரத்துகளைத் தமிழில் படித்துச் சொல்ல ஒருவரைத் தேடுங்கள். 2018-இலும் 2019-இலும் காலம் குறிப்பிடாமல் கையெழுத்தானவை இதற்குள் காலாவதியாகியிருக்கும்.