"மொத்தம்" என்று பெயர் வைத்தால் கணினி செத்துப்போகாது



கொஞ்சம் நீண்ட பதிவு. கணினிப் பாடம் என்று தாண்டிப் போய்விட வேண்டாம். நம்முடைய பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு சம்பந்தப்பட்ட விஷயம் இது, கடைசிவரை வாசியுங்கள்.

அண்மையில் தகவல் தொழினுட்ப ஆசிரியர்களுக்கான ஒரு செயலமர்வுக்குப் போயிருந்தேன். மாறிக்குப் பெயர் வைக்கும் விதிகள் என்ற பகுதி வந்தது. வளவாளர் வழமையான குறிப்பைச் சொன்னார்: ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டும் வரலாம், இலக்கத்தில் தொடங்கக் கூடாது. பின்வரிசையில் இருந்த ஒரு டீச்சர் எழும்பி, "தமிழ்ல வைக்க ஏலாதா சேர்?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டு சொன்ன பதில் இது: "தமிழ் எழுத்து கம்ப்யூட்டருக்கு விளங்காது டீச்சர். அதுக்குத்தான் புள்ளைகள இங்கிலிஷ் மீடியத்துல போடச் சொல்ற."

மண்டபம் சிரித்தது. அந்த டீச்சர் உட்கார்ந்துவிட்டார். நானும் வாய் திறக்கவில்லை. தேநீர் இடைவேளை நெருங்கிவிட்டது, எல்லோருக்கும் பசி. அன்று சொல்லாததை இன்று இங்கே சொல்கிறேன்.

அவர் சொன்னது பிழை. அவர் மேசையில் திறந்து வைத்திருந்த மடிக்கணினியில் பைதன் இருந்தது. அதில் மொத்தம் = 75 என்று அடித்திருந்தால் வேலை செய்திருக்கும். இது நேற்று வந்த வசதி இல்லை. 2008 டிசம்பரில் வெளியான பைதன் 3.0 இலிருந்தே இருக்கிறது. அவர் வாசித்த குறிப்பு பாஸ்கல் காலத்துக் குறிப்பு. பைதன் 2 க்கும் அது சரியாகத்தான் இருந்தது. உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைதன் படிப்பிக்கும் இந்தக் காலத்திலும் அதே குறிப்பைப் போட்டோகொப்பி அடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு பெயரை மாறியின் பெயராக ஏற்பதற்கு முன்னர் பைதன் உள்ளுக்குள் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. இது பெயராகச் செல்லுமா என்பது முதலாவது. முன்னர் வந்த அந்தப் பெயரும் இந்தப் பெயரும் ஒன்றா என்பது இரண்டாவது.

முதலாவது கேள்விக்கு யுனிகோட் அமைப்பே ஒரு பட்டியல் தந்திருக்கிறது. ஒரு பெயர் எந்த எழுத்தில் தொடங்கலாம், தொடங்கிய பிறகு எவை தொடரலாம் என்பதுதான் அந்தப் பட்டியல். நமது அ, க, ம, ஹ எல்லாவற்றிலும் தொடங்கலாம். ஃபாத்திமா என்று எழுதும்போது முன்னால் வரும் ஆய்தத்தில்கூடத் தொடங்கலாம். குற்று, அரவு, கொம்பு எல்லாம் தொடரலாம். ஆக "மொத்தம்" செல்லும், "சராசரி" செல்லும், "ஃபாத்திமா" செல்லும்.

இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது. "மொ" என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாக வைக்கலாம். மகரத்துக்குப் பின்னால் 3018 என்ற ஒரே குறியீடாக வைப்பது ஒரு விதம். 3014, 3006 என்று கொம்பையும் அரவையும் தனித்தனியே இரண்டு குறியீடாக வைப்பது மற்ற விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எண்ணிப் பார்த்தால் "மொத்தம்" ஒன்றில் ஏழு குறியீடு, மற்றதில் எட்டு. இரண்டும் ஒன்றுதான் என்று யுனிகோட் தரமே அறிவித்திருக்கிறது.

பைதன் என்ன செய்கிறது தெரியுமா? மாறியின் பெயரை வாசிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது. இந்தச் சீர்படுத்தலுக்கு என்எப்கேசி என்று பெயர். நீங்கள் ஒரு வரியில் ஏழு குறியீட்டு "மொத்தம்" எழுதி, அடுத்த வரியில் எட்டுக் குறியீட்டு "மொத்தம்" எழுதினாலும் அதற்கு அது ஒரே மாறிதான். 2021 இல் ரஸ்ட் மொழியும் ஆங்கிலமல்லாத பெயர்களை அனுமதித்தது, அதுவும் சீர்படுத்தித்தான் ஒப்பிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயரை அனுமதிக்கும், ஆனால் சீர்படுத்தாது. அங்கே இரண்டு "மொத்தம்" இரண்டு வெவ்வேறு மாறிகள். பிழை தேடியே பிள்ளை அழுதுவிடும்.

இனி கோ மொழிக்கு வருவோம். கூகுள் 2009 இல் வெளியிட்ட மொழி அது. அதில் பெயர் என்றால் எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் மட்டும்தான். யுனிகோட் கணக்கில் நமது குற்றும் அரவும் கொம்பும் "எழுத்து" வகுப்பில் இல்லை, "குறி" என்ற வேறு வகுப்பில் இருக்கின்றன. ஆகவே கோ மொழியில் "மொத்தம்" செல்லாது. சீன எழுத்தில் பெயர் வைக்கலாம். அரபு எழுத்திலும் வைக்கலாம், ஹரகத் போடாமல் எழுதினால். குர்ஆன் மத்ரஸாவுக்குப் போன யாருக்கும் இது சட்டென்று விளங்கும். ஃபத்ஹும் கஸ்ரும் இல்லாமலும் அரபியை எழுதலாம், பழகியவர் வாசித்துவிடுவார். தமிழில் குற்றைக் கழற்றிவிட்டு எழுதிப் பாருங்கள். "மொத்தம்" என்பதில் கொம்பும் அரவும் குற்றும் போனால் மிஞ்சுவது "மததம". அது எந்த ஊர்ச் சொல்?

இன்னொன்றும் இருக்கிறது. கோ மொழியில் ஒரு பொதியில் உள்ள பெயரை வெளியே மற்றவர் பாவிக்க வேண்டுமென்றால் அது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து ஏது, சின்ன எழுத்து ஏது? முன்னால் ஓர் ஆங்கில எழுத்தை ஒட்டினால்தான் வெளியே போகலாம்.

இதை நான் குற்றச்சாட்டாகக் கட்டிவிடவில்லை. அந்த மொழியின் உத்தியோகபூர்வ கேள்வி பதில் பக்கத்திலேயே, இணையும் குறிகளைத் தெரிந்தேதான் விலக்கினோம், அதனால் தேவநாகரி போன்றவை வெளியே நிற்கின்றன என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். குறிகளை அனுமதித்தால் எந்தப் பெயரும் எந்தப் பெயரும் ஒன்று என்று தீர்மானிக்க வேண்டிவரும், அதில் குழப்பம் வரும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நேர்மையான காரணம்தான். ஆனால் அதன் பொருளைப் பாருங்கள். ஒப்பிடுவது கஷ்டம் என்பதற்காக வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் அந்த மொழியை உருவாக்கிய மூவரில் இருவர், கென் தொம்சனும் ரொப் பைக்கும். உலகத்து எழுத்தெல்லாம் இணையத்தில் ஓடுவதற்கு வழிவகுத்த யூடிஎப் 8 முறையை 1992 இல் வடிவமைத்ததும் அதே இருவர்தான். அவர்களுக்கே இப்படியென்றால் நம் வளவாளரை மட்டும் எப்படித் திட்டுவது?

ஆனாலும் திட்டத்தான் வேண்டும். ஏனென்றால் இந்த "வாசலில் நிறுத்தும்" பழக்கம் மாறியின் பெயரோடு நிற்கவில்லை, மனிதரின் பெயருக்கும் வந்துவிட்டது.

இதில் முதல் குற்றவாளி நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னர் எங்கள் பாடசாலைக்குப் புள்ளிப் பதிவு செய்ய ஒரு சின்னச் செய்நிரல் எழுதினேன். பெயருக்குப் பதிலாக யாராவது இலக்கத்தை அடித்துவிடக் கூடாது என்பதற்காக, எல்லாம் எழுத்துத்தானா என்று பார்க்கும் இஸ்அல்பா என்ற கட்டளையைப் போட்டேன். முஹம்மத் என்ற பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தால் அது "ஆம்" என்கிறது. அரபு எழுத்தில் கொடுத்தால் "ஆம்". தமிழில் கொடுத்தால் "இல்லை". உகரக் குறியும் குற்றும் அதற்கு எழுத்தில்லையாம். "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்தாலும் "இல்லை" என்றுதான் வரும். அதே பைதனில் இஸ்ஐடென்டிபயர் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது "முஹம்மத்" மாறியின் பெயராகச் செல்லும் என்கிறது. ஒரே மொழிக்குள் ஒரு கதவு திறந்திருக்கிறது, மறு கதவு பூட்டியிருக்கிறது. நான் பூட்டிய கதவில் போய் முட்டினேன்.

முட்டியபோது நான் என்ன செய்தேன்? விசாரித்தேனா? இல்லை. "தமிழ்ல அடிச்சா எடுக்குதில்ல, இங்கிலிஷ்ல அடிங்க" என்று வகுப்பாசிரியர்களிடம் சொன்னேன். வளவாளர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன், மண்டபம் இல்லாமல். ஆங்கிலத்தில் அடித்தவுடன் ஒரே பிள்ளை முதலாம் தவணையில் ஒரு விதம், இரண்டாம் தவணையில் வேறொரு விதம். முஹம்மத் என்ற பெயரை நம் ஊரில் எத்தனை ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதுகிறோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஒவ்வொருவர் வீட்டிலும் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். முன்னெழுத்துகளுக்கு நடுவே வரும் புள்ளியையும் இஸ்அல்பா ஏற்காது. எம்.ஐ.எம். இல்லாத நம் வகுப்பு எங்கே இருக்கிறது?

அடுத்தது இதைவிட மோசம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

இந்த வருடம் பள்ளிவாசல் ஊடாக அப்பியாசக் கொப்பி உதவி வந்தது. பள்ளியில் ஒரு பட்டியல், பாடசாலையில் ஒரு பட்டியல். இரண்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று முடிவு. ஒப்பிடும் வேலை என்னிடம் வந்தது. இரண்டும் தமிழில் இருந்தன, சந்தோஷத்தோடு செய்நிரலில் போட்டேன். பதினொரு பிள்ளைகள் விழுந்துவிட்டார்கள். பதினொரு பேருடைய பெயரும் "மொஹமட்" என்று தொடங்குகிறது. பாடசாலைப் பட்டியல் கைத்தொலைபேசியில் அடித்தது. பள்ளிப் பட்டியல் பாமினி எழுத்துருவில் அடித்து, பிறகு யுனிகோட்டுக்கு மாற்றியது. மாற்றிய கருவி "மொ" வை இரண்டு துண்டாக வைத்துவிட்டது. மாறியின் பெயராக இருந்தால் பைதன் சீர்படுத்தியிருக்கும் என்றேன் அல்லவா? மேற்கோள் குறிக்குள் இருக்கும் சரத்தை அது சீர்படுத்தாது. குறியீட்டுக்குக் குறியீடு பார்க்கும், ஏழும் எட்டும் ஒன்றில்லை என்று சொல்லிவிடும். இரண்டு பட்டியலையும் ஒப்பிடும் முன்னர் நோர்மலைஸ் என்ற ஒரு கட்டளையை நான் போட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி.

ஒரு உம்மா பாடசாலைக்கு வந்து கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. "சேர், பேர் ரெண்டுலயும் ஒரே மாதிரித்தானே இருக்கு?" என்று இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவர் கண் சரி. என் செய்நிரல்தான் பிழை. அவரிடம் நான் யுனிகோட் விளக்கம் சொல்லப் போகவில்லை, மன்னிப்புக் கேட்டேன்.

அந்த ஒரு வரியைப் போட்ட பிறகும் ஒரு பிள்ளை மிஞ்சியது. வாப்பாவின் பெயர் நௌபர். பாமினிப் பழக்கத்தில் கொம்பு, ந, ள என்று மூன்று விசையில் அடித்துவிடுகிறோம். அப்போது அது ஔகாரக் குறியாகப் போவதில்லை, உண்மையான "ள" வாகவே போகிறது. திரையில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் இவை இரண்டும் ஒன்று என்று யுனிகோட் சொல்லவில்லை, எந்தச் சீர்படுத்தலும் இதைத் திருத்தாது. மௌலவி, மௌலானா, பௌசுல், நௌஷாத் என்று நம்மிடம் இந்த எழுத்து எத்தனை பெயரில் இருக்கிறது! இதை மனிதர்தான் பார்த்துத் திருத்த வேண்டும். ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இதே போல இரண்டு வேர் உண்டு. தமிழ்ச் சகோதரர்களின் பட்டியலில் அது கழுத்தறுக்கும்.

சிங்கள ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர்கள் பாடு இன்னும் பாவம். ப்ரியா, ஸ்ரீ போன்றவற்றை அவர்களின் எழுத்தில் சரியாக எழுத, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி நடுவில் வேண்டும். பைதன் அந்தக் குறியை மாறியின் பெயரில் ஏற்பதில்லை. ஆகவே பைதன் எல்லோருக்கும் நியாயம் செய்துவிட்டது என்று நான் சொல்லவில்லை.

"அப்ப எல்லாச் செய்நிரலையும் தமிழ்ல எழுதச் சொல்றீங்களா?" என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. பைதனின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. நாளைக்கு வேலைக்குப் போனால் பக்கத்து நாட்டுக்காரனும் வாசிக்கும்படி ஆங்கிலப் பெயர்தான் வைக்க வேண்டும், நானும் அப்படித்தான் எழுதுகிறேன். நான் கேட்பது பத்தாம் தரத்துப் பிள்ளையைப் பற்றி. மாறி என்றால் பெயர் ஒட்டிய பெட்டி என்று அந்தப் பிள்ளைக்கு விளங்க வேண்டிய முதல் கிழமையில், பெட்டிக்கு "மொத்தம்", "சராசரி" என்று பெயர் வைக்க விடுங்கள். விளங்கிய பிறகு ஆங்கிலத்துக்கு மாறுவது ஒரு நாள் வேலை. ஆங்கில மூலத்தில் படிப்பதும் படிக்காமல் விடுவதும் ஒவ்வொரு குடும்பத்தின் தெரிவு. அதற்குக் காரணமாகப் பொய்யைச் சொல்ல வேண்டாம்.

பாடசாலைக்கும் பள்ளிக்கும் சங்கத்துக்கும் செய்நிரல் எழுதும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். மனிதரின் பெயருக்கு இஸ்அல்பா போடாதீர்கள். எழுத்து மட்டும் என்று வடிகட்டி வைத்தால் குறிகளையும் சேர்த்து அனுமதியுங்கள். பட்டியல் எங்கிருந்து வந்தாலும் உள்ளே எடுக்கும்போதே சீர்படுத்தி எடுங்கள். பெயரை மட்டும் வைத்து ஆளைத் தீர்மானிக்காதீர்கள், சேர்வு இலக்கத்தையும் பாருங்கள். செய்நிரல் "இல்லை" என்று சொன்ன ஒவ்வொரு பெயரையும் ஒரு மனிதர் கண்ணால் பார்க்கும்வரை பட்டியலை ஒட்டாதீர்கள்.

பதினொரு பேருக்கும் நௌபரின் மகளுக்கும் கொப்பி போய்ச் சேர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். போன வருடத்து வேறு பட்டியல்களிலும் இதே செய்நிரலைத்தான் பாவித்திருக்கிறேன். அவற்றைத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பிள்ளையின் பெயர் எதிலாவது விடுபட்டிருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் வெட்கப்படாமல் உள்பெட்டியில் எழுதுங்கள், அல்லது அஸருக்குப் பிறகு பாடசாலைக் கணினி அறைக்கு வாருங்கள். பெயரை நீங்கள் வழமையாக எழுதும் விதத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால் போதும்.