ஐம்பதில் வளையாதா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை கலஹா சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தோளில் புத்தகப் பை. எதிரே வந்தவர் ஒரு காலத்தில் பேராதனை விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர். இப்போது ஓய்வுபெறவிருக்கும் பாடசாலை அதிபர்.

"மகனைப் பார்க்க வந்தீரா?" என்றார்.

"இல்லை, வகுப்புக்கு" என்றேன்.

ஐம்பத்தேழு வயதில் முதுகலைமாணி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன் என்றதும் வாய்விட்டுச் சிரித்தார். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? பேரப்பிள்ளை பார்க்கிற வயதில் ஏன் ஐயா இந்த வீண் வேலை?"

அவர் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பழமொழியோடுதான் என் வழக்கு. ஐந்தில் வளையவில்லை என்று குற்றம் சொல்பவர்கள், வளைய விடாதவர் யார் என்று ஏன் கேட்பதில்லை?

என் தலைமுறையை எண்ணிப் பாருங்கள். 1980களின் இறுதியில், கிளர்ச்சிக் காலத்தில், இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. மூன்று ஆண்டுப் படிப்பை முடித்து வெளியே வந்தபோது எங்களில் பலர் முப்பதை நெருங்கியிருந்தோம். எனக்கு மேற்படிப்பு ஆசை இருந்தது. வீட்டில் திருமணத்திற்குக் காத்திருந்த இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். பத்திரிகை வேலை கிடைத்தது, ஆசையை ஒத்திவைத்தேன். எங்களுக்கு முந்தியவர்களின் கதையும் வேறல்ல. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், தகுதியுள்ள எத்தனையோ தமிழ் மாணவரை வாசலோடு திருப்பி அனுப்பியது. மலையகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் அவர்கள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்கு வளைவதற்குப் பள்ளிக்கூடமே ஒழுங்காக இருந்ததில்லை.

கேலி செய்பவர்களை விட என்னை அதிகம் சலிப்படையச் செய்பவர்கள் புகழ்பவர்கள். "விடாமுயற்சிக்கு நீங்கள் எடுத்துக்காட்டு" என்கிறார்கள். கேட்க இனிமைதான். ஆனால் அந்தப் புகழுரைக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. இவர் முயன்றார், படித்தார். மற்றவர்கள் முயலவில்லை, கெட்டார்கள் என்பதே அதன் பொருள். நான் இதை ஒப்பமாட்டேன். என்னோடு படிக்கத் தொடங்கி நின்றுபோனவர்கள் சோம்பேறிகள் அல்லர்.

வரதலெட்சுமி சண்முகநாதனின் பெயர் நினைவிருக்கலாம். வேலணையில் பிறந்தவர். பல நாடுகளில் ஆசிரியையாகப் பணியாற்றியவர். தமது 87ஆவது வயதில், 2021இல், கனடாவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் அரசறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். இலங்கையின் போரும் சமாதானத்திற்கான வாய்ப்புகளுமே அவரது ஆய்வுப் பொருள். ஒன்ராறியோ சட்டமன்றமும் அவரைக் கௌரவித்தது. நமது பத்திரிகைகள் அவரது மனவுறுதியைப் போற்றி எழுதின. போற்ற வேண்டியதுதான். ஆனால், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அப்பல்கலைக்கழகம் கற்கைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது என்ற செய்தியை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? உறுதி அவருடையது, கதவைத் திறந்து வைத்தது அந்த நிறுவனம். இரண்டும் சேர்ந்தபோதுதான் பட்டம் வந்தது.

இங்கே நிலைமை என்ன? 1945 முதல் இலவசக் கல்வி உள்ள நாடு என்று பெருமை பேசுகிறோம். உள்வாரி மாணவனுக்கு அது உண்மை. வெளிவாரிப் பட்டத்திற்கும் வார இறுதி முதுகலைமாணி வகுப்புக்கும் கட்டணம் கட்டியாக வேண்டும். அதாவது, போரும் வறுமையும் தரப்படுத்தலும் யாரை இளமையில் வெளியே தள்ளினவோ, அவரிடமே முதுமையில் காசு கேட்கிறோம். இது அநியாயம் என்று சொல்லத் தயக்கம் எதற்கு?

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. அறுபதைக் கடந்தவர்களுக்குக் கட்டணத்தை நீக்குங்கள். மலையக நகரங்களில் தமிழ் மொழி மூலம் வார இறுதி வகுப்புகளை நடத்துங்கள். மாணவர் அல்லாதவரும் பல்கலைக்கழக நூலகத்தில் அமர்ந்து வாசிக்க எளிதாக வழி செய்யுங்கள்.

பேராதனைக்கு இது அந்நியமான சிந்தனையன்று. பல்கலைக்கழகம் இம்மலையடிவாரத்திற்கு வந்தது 1952இல். அதற்கு முன்பே, 1943இல், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர் விபுலாநந்த அடிகள். பல ஆண்டுகள் பாடுபட்டு ஆராய்ந்த யாழ் நூலை, உடல் நலிந்த நிலையில், 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அவர் அரங்கேற்றினார். அப்போது வயது ஐம்பத்தைந்து. அடுத்த மாதம் 19ஆம் திகதி மறைந்தார். இந்த வயதில் எதற்கு என்று அவர் ஏட்டை மூடி வைத்திருந்தால், பழந்தமிழ் யாழைப் பற்றிய அந்தப் பேராய்வு நமக்குக் கிடைத்திராது. அவருக்கும் துணை நின்ற கை ஒன்று இருந்தது. நூலை வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம்.

நண்பருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை, வகுப்புக்கு நேரமாகிவிட்டது. விடைபெறும்போது அவரே தாழ்ந்த குரலில் கேட்டார்: "கட்டணம் எவ்வளவு?"

தொகையைச் சொன்னேன். அவர் மறுபடி சிரிக்கவில்லை.